பேண்டு செட்டும் நம் செவியும்

"எனக்கு இந்த மாதிரிப் பாட்டுதான் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால் அதை அவருடைய சொந்த விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். நாக்குக்கு ஒரு ருசி இருக்கிற மாதிரி காதுக்கும் ஒரு ருசி. ஆனால் எந்த வாத்தியம் எந்தத் தெருவுக்குள் வரலாம், எது தெருமுனையோடு நிற்க வேண்டும், எதைக் கேட்டால் தலையாட்டலாம், எதைக் கேட்டால் தலைமுழுக வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிற சமூகத்தில் காதின் ருசி மட்டும் எப்படிச் சொந்தமாக இருக்க முடியும்? ரசனை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, நடுவில் ஒரு வாய்க்காலும் இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையையும் தாண்டாமல் வந்திருக்க முடியாது. தோற்கருவிகளை அவர் வரிசைப்படுத்துகிறார். மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம், குடமுழா ஆகியவை உத்தமம், அவை அகமுழவு. தண்ணுமை, தக்கை, தகுணிச்சம் போன்றவை மத்திமம், அவை அகப்புறமுழவு. கணப்பறை முதலானவை அதமம், அவை புறமுழவு. நெய்தற்பறை, அதாவது சாவுக்கு அடிக்கிற பறை, இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. கடைசியில் போகிறபோக்கில் சொல்கிறார்: முன்னே சொல்லப்படாத நெய்தற்பறை முதலானவை புறப்புறமுழவு. வெளியேக்கும் வெளியே! வகுப்பில் இதை நாங்கள் 'கருவிப் பாகுபாடு' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம். அது ஊர்ப்படம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. உத்தமம் ஊர் நடுவில், மத்திமம் தெருக்கோடியில், அதமம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், பட்டியலில் சேராதது சுடுகாட்டு வழியில்.

உரையாசிரியருக்கு முந்திய நிலை இப்படி இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. பறை இல்லாத நிலமே இல்லை. புறநானூற்றில் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் குடி என்று எண்ணத்தக்கவை நான்கே என்கிறார். அந்த நான்கில் துடியன், பாணன், பறையன் என்று மூவர் இசைக்கருவியோடு சேர்ந்தவர்கள். அங்கிருந்து புறப்புறத்துக்கு நாம் எப்படித் தள்ளப்பட்டோம் என்பது நிலமும் கோயிலும் சாதியும் கூடி எழுதிய கதை. அதை வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

தோல் தீட்டு என்பார்கள். அதிலும் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. சபா மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிற மிருதங்கத்துக்கும் மாட்டுத் தோல்தான், எருமைத் தோல்தான், ஆட்டுத் தோல்தான். அதைத் தேடி வாங்கி, பதம் பார்த்து, வார் பிடித்து, சோறு போட்டு, நாதம் வரவைக்கிற கைகளில் பல தலித் கிறிஸ்தவர்களின் கைகள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து போன்றவர்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தோல் உள்ளே போகலாம். தோலைப் பற்றிய பேச்சு உள்ளே போகக் கூடாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பறை என்பது நம் தாத்தாமார்களுக்குக் கலையாக இருந்ததா? இருந்தது. வேம்பிலோ வேறு மரத்திலோ மூன்று துண்டு இழைத்து வட்டக் கட்டை சேர்த்து, புளியங்கொட்டைப் பசையில் தோலை ஒட்டிக் காயவைத்து, வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டி, விரலால் தட்டிப் பார்த்து 'இப்ப ஏறிடுச்சு' என்று சொல்கிற அந்தக் காது சாதாரணக் காது இல்லை. ஆனால் அதே பறை அடிமைச் சீட்டாகவும் இருந்தது. ஊர்ச் சாவுக்கு அடிப்பது, சாமி சாட்டுவது, இழவு சொல்லப் போவது, செத்த மாட்டைத் தூக்குவது எல்லாம் ஒரே கணக்கில் வந்தன. கூலி என்பது களத்தில் கிடைக்கிற தானியம், சாவு வீட்டில் தூர நின்று வாங்குகிற சோறு. 'டேய், பெரிய வீட்ல சாவு. வாங்கடா'. அவ்வளவுதான் அழைப்பு. வரமாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவன் எவ்வளவு அருமையாக வாசித்தாலும் அதை ரசிக்கிறவனின் ரசனையில் ரத்தம் ஒட்டியிருக்கிறது.

அதனால்தான் மறுத்தார்கள். 'பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம்' என்பது தமிழகத்து ஒடுக்கப்பட்டோர் போராட்டத்தின் மிகப் பழைய முழக்கங்களில் ஒன்று. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய இழிதொழில் மறுப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாத எத்தனையோ சேரிகளில் பறையைக் கிணற்றில் போட்டார்கள், ஏரியில் விட்டார்கள், நெருப்பு வைத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். வேலை மறுக்கப்பட்டார்கள். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் வழி அடைக்கப்பட்டார்கள். எங்கள் தாத்தாவும் அப்படி விட்டவர்தான். பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஒருவர் வந்து 'இவ்வளவு அரிய கலையை ஏன் ஐயா விட்டீர்கள்?' என்று வருத்தப்பட்டாராம். தாத்தா 'நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க சாமி' என்றாராம்.

ஒன்றை யாரும் கேட்பதில்லை. பறையை வீசியபின் அந்தக் கைகள் என்ன செய்தன? தாளம் கையைவிட்டுப் போய்விடுமா? பல ஊர்களில் அந்தக் கைகள் பேண்டு செட்டுக்குப் போயின. நம் இசை வரலாற்றில் சரியாக எழுதப்படாத பக்கம் இது என்பது என் கருத்து.

பேண்டு நம் நாட்டுக்குக் கும்பினிப் படையோடு வந்தது. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசித்ததைக் கேட்டுத்தான் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அவைதான். இங்கிலாந்து ராஜாவைப் பாடுகிற பாட்டின் மெட்டு அதில் ஒன்றாக இருக்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு ஒன்றை வைத்திருந்தார். பின்னால் மகாதேவ நட்டுவனார் வழியாக கிளாரினெட் சின்னமேளத்துக்குள் வந்தது. கச்சேரிக் கருவியாகவும் ஆனது. திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். ஆகவே வெள்ளைக்காரன் கருவி என்பதில் உயர்ந்தோர் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. கோட்டையில் கேட்டு சாகித்தியம் செய்தால் மேதைமை. எங்கள் பெரியப்பா டேப் ரெக்கார்டரில் சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, எழுத்தும் இல்லாமல் குருவும் இல்லாமல், காதாலேயே பிடித்து ட்ரம்பெட்டில் வாசித்தால் அது காப்பி!

நம்மவர்களுக்கு இந்தக் கருவி வந்து சேர்ந்த வழி வேறு. பழைய சென்னைப் படையில் பறையர்கள் பெருமளவில் சிப்பாய்களாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குணம் கொண்ட சாதிகள்' என்று வெள்ளைக்காரன் ஒரு கணக்குப் போட்டு ஆளெடுப்பை நிறுத்துகிறவரை பட்டாளம் என்பது சேரிக்குப் பழக்கமான வாழ்க்கை. அணிவகுப்பு, சீருடை, பூட்ஸ், டிரம் சத்தம் எல்லாம் அதோடு வந்தவை. 1882இல் இந்தியாவுக்கு வந்த இரட்சணிய சேனை, தெருவில் பேண்டு வாசித்துக்கொண்டே பிரசங்கம் செய்கிற சபை. தெற்கே ஒடுக்கப்பட்ட சனங்களிடையே அது வேர்விட்டது. இப்படிப் பல வாய்க்கால்கள். இதுதான் தொடக்கம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஆனால் நானறிந்த சிறுநகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் நம்மவர்கள் நடத்துகிற பேண்டு செட் ஒன்றாவது இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் ஊர்வலம், கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம், அப்புறம் கல்யாணச் சாவு.

சீருடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் ஜரிகைப் பட்டை, தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த தெருவில், அதே வீட்டுப் பையன்கள் பூட்ஸ் காலோடு வரிசை பிடித்து நடந்துபோனார்கள். யாரும் 'கழட்டுடா' என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது 'டிரெஸ்'. பெரிய டிரம்மின் முகத்தில் செட்டின் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில். அழைக்கிறவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, எத்தனை மணிநேரம், எத்தனை ஆள் என்று பேசி முடிக்க வேண்டும். முடியாதென்றால் முடியாது; வேறு இடத்தில் ஒத்துக்கொண்டாயிற்று. 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். எங்கள் பரம்பரையில் தாளம் வாசித்ததற்காக மரியாதைப் பெயர் பெற்ற முதல் ஆள் பெரியப்பாதான்.

இதைச் சொல்லும்போது பேண்டு செட் சாதியைக் கடந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்வலம் முடிந்து கோட்டைக் கழற்றியதும் பழைய கணக்குதான். ஒரு கல்யாணத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் இலை போட்டார்கள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளை ஊர்வலம் பாதித் தெரு போனதும் வாசிப்பை நிறுத்தி, வாத்தியங்களை உறையில் போடச் சொல்லி, ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். மீதிப் பணம் வரவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு மிச்ச ஊர்வலம் சத்தமில்லாமல் போயிற்று. பறை அடித்த காலத்தில் இப்படி நடந்திருந்தால் அன்று ராத்திரியே சேரி எரிந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

நல்ல பாட்டு எது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் கற்றது இவர்களிடம்தான். வானொலியில் எது நல்ல பாட்டு என்று முடிவு செய்ய மேலே ஆட்கள் இருந்தார்கள். 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்ததும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு ஏறக்குறைய கதவைச் சாத்தினார். சனங்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். கேட்கிறவன் திருப்புகிற குமிழ் ஒன்று இருக்கிறது என்பதை மேலே இருந்தவர்கள் மறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அந்தக் குமிழ் பெரியப்பா கையில். ஒரு படம் வந்தால் கேசட் வாங்கி, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சாயங்காலம் உட்கார்ந்து, பத்துப் பாட்டில் எது 'நிக்கும்', எது 'நிக்காது' என்று பார்ப்பார்கள். பாடகர் குரல் கிளாரினெட்டுக்கு. முகப்பு இசையும் இடையிசையும் ட்ரம்பெட்டுக்கு. வயலின் கூட்டம் வாசித்ததை யூஃபோனியத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று சண்டை நடக்கும். வார்த்தை இல்லாமல், நடிகர் முகம் இல்லாமல், நடந்துகொண்டே, வெயிலில் வாசித்தும் ஒரு பாட்டு நிற்கிறது என்றால் மெட்டில் சதை இருக்கிறது என்று அர்த்தம். இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எந்த இசைப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அவர்கள் தராசில் அதிகமாக நின்றவை இளையராஜாவின் பாட்டுகள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது பேண்டு செட்டுகளுக்குப் புது உயிர் வந்தது என்று பெரியப்பா சொல்வார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடை மேடையாகப் போனவர். திறந்த வெளியில், களைத்துப்போன சனங்களை உட்காரவைக்க வேண்டிய மெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த மேடைகளில் கற்ற பாடம். இளையராஜா தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேச விரும்பாதவர். அது அவர் உரிமை. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது செய்தி கேட்டு, இருமலுக்கு நடுவே, 'நம்ம மெட்டு போயிருக்கு' என்று சொன்ன ஒரு பழைய ட்ரம்பெட்காரரை எனக்குத் தெரியும். அந்த 'நம்ம'வுக்கும் உரிமை உண்டு.

நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்தவர்களுக்குத் தாலாட்டு வேண்டும், ஒப்பாரி வேண்டும், நடவுப் பாட்டு வேண்டும். பேண்டு செட் வாசித்தால் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திவிடுவார்கள். அது 'தூய' நாட்டார் இசை இல்லையாம். சேரியில் இருப்பவன் எந்த நூற்றாண்டில் இருக்க வேண்டும் என்று இவர்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நம் இயக்கங்களும் இதில் குறைந்தவை அல்ல. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் எழுந்த தலித் எழுச்சியில் பறை திரும்ப வந்தது. கே.ஏ. குணசேகரனின் குரலில் இன்குலாப்பின் 'மனுசங்கடா' ஊர் ஊராகப் போனது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தலித் கலை விழாக்கள் நடந்தன. அங்கே தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று பாசமாக அழைக்கப்பட்டவர், கோயிலுக்குள் கர்நாடக மெட்டும் மேனாட்டுக் கீதமும் மட்டுமே ஏன் என்று கேட்டு, சனங்களின் மெட்டில் வழிபாடு செய்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது அதுவரை ஆண்கள் கையில் மட்டும் இருந்த குச்சி கைமாறியது. இவையெல்லாம் நடந்திருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் பறை ஒன்றே நம் அடையாளம் என்று ஆனபோது பேண்டு செட்காரர்கள் மேடைக்குக் கீழேயே நின்றார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். மேடையில் பறை ஏறியதும் டீ குடிக்கப் போவார்கள்.

பறை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் நமக்குள் இன்னும் ஓயவில்லை. அப்பாமார்கள் வீசியதை மகன்கள் பொறுக்குகிறார்களே என்று ஒரு பக்கம். இழிவு பறையில் இல்லை, அடிக்கச் சொன்னவன் வாயில் இருந்தது என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் வலி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. என் நிலை இது: மறுக்கிற உரிமை உள்ளவன் வாசிக்கும்போதுதான் அது இசை. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நானும் இனிப்பு கொடுத்தேன். அதே வாரத்தில் பக்கத்து ஊர் ஒன்றில் சாவுக்கு வர மறுத்த இருவர் மீது பஞ்சாயத்து வைத்தார்கள். இரண்டையும் ஒரே மனசில்தான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி விழாவில் பறைக்கு ஆடிவிட்டு, தன் ஊர்ச் சாவுக்குச் சேரியிலிருந்து ஆள் கூப்பிடுகிற தோழர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ரசனையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முதலாக மேடையேறியதை இந்தத் தொடர்ச்சியில்தான் பார்க்கிறேன். பெயர் அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்தது. சாவு வீட்டு ராத்திரிகளில் வளர்ந்த கானாவும், பறையும், கிட்டாரும், ராப்பும் ஒரே மேடையில் வந்தபோது பலர் 'புதுசு' என்றார்கள். எனக்கு அது பழக்கமான காட்சி. அகப்பட்ட கருவியை எடுத்துக்கொண்டு, சீருடை போட்டு, வரிசையாக நிற்பது! சட்டி மேளத்துக்குப் பக்கத்தில் மேனாட்டு டிரம் இருப்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது. கானாவை ஆண்களின் பாட்டு என்று வைத்திருந்த இடத்தில் இசைவாணி நின்று பாடினார். 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி யாருக்குச் சொந்தம் என்று கேட்டது நல்ல கேள்வி. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் போனது. அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லாமல் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படம் போட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவரை வைத்து இன்னோர் அட்டை வந்தது. பட்டியலில் சேராததைக் கடைசியில் சேர்க்கிற அடியார்க்குநல்லார் முறை இன்னும் போகவில்லை.

இப்போது பேண்டு செட்டுகள் குறைந்துவிட்டன. ஊர்க் கல்யாணங்களுக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது, இல்லாவிட்டால் டிஜே வைத்த வண்டி. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் அதேதான். என் தம்பி கல்யாணத்துக்கும் செண்டைதான் வைத்தோம். பறைக்கு ஆய்வேடுகள் இருக்கின்றன, பயிற்சிப் பட்டறைகள் இருக்கின்றன, அரசு விழாவில் இடம் இருக்கிறது. பேண்டு செட்டைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊராகப் போய்த்தான் கேட்க வேண்டும். முதல் ட்ரம்பெட் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, யார் ஊதக் கற்றுத் தந்தது, எந்தத் தெருவில் முதலில் விடவில்லை, எந்த வருசம் விட்டார்கள்? ஊதி ஊதி நெஞ்சு போனவர்கள் பலர். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். மாணவத் தோழர்கள் யாராவது இதை எடுத்துக்கொண்டால் என்னிடம் இருப்பதைத் தரத் தயார்.

இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரியப்பாவுடையது. ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டின் பெயர், படத்தின் பெயர், பக்கத்தில் அவராகக் கண்டுபிடித்த ஒரு குறியீடு: ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளுக்கும் 1, 2, 3, பலமாக ஊத வேண்டிய இடத்தில் ஒரு கோடு, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழி. சில பாட்டுகளுக்கு எதிரே 'நிக்கும்' என்று எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பாட்டு இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்துக் கூலியை ஏழு பேருக்குப் பங்கு போட்ட கணக்கு. கிளாரினெட்காரருக்கு மட்டும் அரைப் பங்கு கூடுதல்.